அன்பே வடிவான அய்யா. ஏட்டில் ஏன் இத்தனை வெட்டு?

சென்ற கார்த்திகையில் நம் தாங்கலில் திரு ஏடு வாசிப்பு நடந்தபோது, குறோணியை ஆறு துண்டாக வெட்டிய பகுதியை வாசிக்கும் பணி அடியேனுக்கு வந்தது. வாசிப்பு முடிந்து, திருநாமம் இட்டு, இனிமம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்பிள்ளை கையை நீட்டாமல் நின்றது.

"மாமா, அய்யா அன்புதான்னு சொல்றீங்க. ஆடு, கோழி அறுக்கக் கூடாது, அது பாவம்னு சொல்றீங்க. அப்புறம் ஏட்டுல சாமியே ஏன் வெட்டுறாரு?"

பக்கத்தில் நின்ற தாய் பதறிப்போய், "சாமி காரியத்துல இப்படியெல்லாம் கேக்கக் கூடாதுடி" என்று பிள்ளையின் தோளை இழுத்தார். அடியேனுக்கு உடனே பதில் வரவில்லை. "அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்றேன் பாப்பா" என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரம் யோசித்ததையும், பல வருடங்களாக மனதில் கிடந்ததையும் சேர்த்து இந்தப் பாடமாக எழுதுகிறேன்.

கேட்பது குற்றமா?

முதலில் அந்தத் தாய்க்கு ஒரு வார்த்தை. கேட்பது குற்றம் இல்லை அம்மா. அகிலத்திரட்டு அம்மானை எப்படி அமைந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். திருமால் இலட்சுமி தேவிக்கு நடந்த கதையை எடுத்துச் சொல்லும் அமைப்பு அது. தாயார் கேட்கிறார், அவர் சொல்கிறார். "நீ யார் என்னைக் கேட்பதற்கு" என்று அவர் சினக்கவில்லை. அந்த ஏட்டை வாசிக்கிற நாம் பிள்ளைகளின் வாயை அடைப்பது எப்படிச் சரியாகும்?

மறைக்காமல் பார்ப்போம்

ஏட்டில் இருப்பதை இருக்கிறபடியே சொல்லிவிடுகிறேன். நீடிய யுகத்தில் குறோணி ஆறு துண்டாக வெட்டப்படுகிறான். அந்தத் துண்டுகள் யுகத்துக்கு ஒன்றாகப் பிறக்கின்றன. குண்டோமசாலி அழிகிறான். தில்லைமல்லாலனும் மல்லோசிவாகனனும் அழிகிறார்கள். சூரபற்பனும் இரணியனும் அழிகிறார்கள். இராவணன் அழிகிறான். துரியோதனன் தம்பிமாரோடு அழிகிறான். கலியுகத்தில் கலியன் வருகிறான். நரகத்தைப் பற்றிய கடுமையான எச்சரிக்கைகளும் ஏட்டில் உண்டு. இவற்றையெல்லாம் தாண்டிப் போய் அன்பை மட்டும் பேசினால், கேட்ட பிள்ளையை ஏமாற்றியவன் ஆவேன்.

இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் இரண்டு பதில் சொல்கிறோம். இரண்டும் அடியேனுக்குப் போதவில்லை.

"அவர் சாமி. அவர் எதுவும் செய்யலாம்" என்பது முதல் பதில். எதுவும் செய்யலாம் என்று நினைத்தவர்கள் அந்தக் காலத்துத் திருவிதாங்கூர் அதிகாரிகள். தலைக்கு வரி போட்டார்கள், பனைக்கு வரி போட்டார்கள், கூலி இல்லாமல் ஊழியம் வாங்கினார்கள், பெண்கள் மேலாடை போடுவதைத் தடுத்தார்கள். கேட்பாரில்லாத அதிகாரத்தைத்தான் அய்யா நீசம் என்றார். அதே குணத்தை அய்யாவுக்கே சூட்டுவது முறையா?

"அசுரன் என்றால் மனதில் உள்ள கெட்ட குணம், எல்லாம் தத்துவம்" என்பது இரண்டாவது பதில். இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் அந்த வரி தத்துவம் இல்லை. அடி தத்துவம் இல்லை. மேலாடைக்காக அவமானப்பட்ட தாய்மாரின் கண்ணீர் தத்துவம் இல்லை. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசு அறிவிப்பு வந்தது 1859-ல். அய்யா வைகுண்டம் போய் எட்டு வருடம் கழித்துத்தான் அது வந்தது. அதுவரை வெளியே நிஜமாகவே அநீதி இருந்தது.

இந்தக் கதை யாருக்குச் சொல்லப்பட்டது?

அகிலத்தை முதலில் கேட்டவர்கள் யார்? முதுகில் அடி வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள். கோவில் தெருவில் நடக்க முடியாதவர்கள். அவர்களிடம் போய், "சாமிக்கு எல்லாரும் ஒன்றுதான், அடிப்பவன் மேலும் அவருக்குக் கோபம் கிடையாது" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது அன்பாகத் தெரிந்திருக்குமா?

நம் மாவட்டத்திலேயே பார்த்தோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்த செய்தி வந்தது. அன்று இரவு அடியேன் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தண்ணீரை எடுத்துக் குடிக்க முடியாமல் தவித்தேன். யார் செய்திருந்தாலும் இதைச் செய்ய ஒரு மனிதனுக்கு எப்படி மனம் வரும் என்று கொதித்தேன். அந்த நேரத்தில், 'கடவுளுக்கு இது கோபம் தராது' என்று யாராவது வந்து சொல்லியிருந்தால் அந்தக் கடவுளை அடியேன் கும்பிட்டிருக்க மாட்டேன்.

பிள்ளையை ஒருவன் அடிக்கும்போது பேசாமல் நிற்கிற தாயை நாம் அன்பான தாய் என்று சொல்வதில்லை. ஏட்டில் உள்ள கோபம் அந்தத் தாயின் கோபம். அநியாயத்தின் மேல் கோபமே இல்லாத இடத்தில் அன்பும் இருக்க முடியாது. இது முதல் பாடம்.

ஆனால் கோபம் சரி என்பதால் வெட்டும் சரி என்று ஆகிவிடுமா? இங்கேதான் ஏட்டைத் தொடர்ந்து வாசிக்க வேண்டும்.

வாளுக்கு முன்னால் தூது

நாம் அறிந்த கதைகளில் எல்லாம் ஆயுதம் கடைசியாகத்தான் வருகிறது. சூரனிடம் வீரவாகு தூது போனார். இராவணனிடம் அனுமன் போனார், அங்கதன் போனான், சொந்தத் தம்பி விபீடணனே புத்தி சொன்னான். துரியோதனனிடம் கண்ணபிரானே காலால் நடந்து போய், பாதி நாடு இல்லாவிட்டால் ஐந்து ஊராவது, அதுவும் இல்லாவிட்டால் ஐந்து வீடாவது கொடு என்று இறங்கி இறங்கிக் கேட்டார். சாமி இவ்வளவு தூரம் இறங்கி வந்து கேட்டதை நாம் வேகமாக வாசித்துவிட்டுப் போர்க்களத்துக்கு ஓடிவிடுகிறோம்.

அகிலத்தில் இன்னொன்றும் உண்டு. குறோணியை வெட்டியதோடு கதை முடியவில்லை. அதே குறோணிக்கு மறுபடி பிறவி கிடைக்கிறது. ஒரு முறை அல்ல, ஆறு முறை. யுகம் தோறும் திருந்துவதற்கு இடம் கொடுக்கப்படுகிறது. வெறுத்து ஒதுக்குகிறவர் ஆறு தடவை வாசலைத் திறந்து வைப்பாரா? அவன் உள்ளே வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரே கடற்கரை

இப்போது அன்புக்கொடி மக்களை அடியேன் திருச்செந்தூர்க் கடற்கரைக்கு அழைக்கிறேன். ஐப்பசியில் கந்த சஷ்டி அன்று சூரசம்ஹாரம் நடக்கும் இடம் அது. நம் விராலிமலை முருகன் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கதை மனப்பாடம். வேல் எறிந்து சூரனை வென்ற கரை என்று உலகம் அந்தக் கரையை அறியும்.

கொல்லம் 1008, மாசி 20. ஆங்கிலக் கணக்கில் 1833. அதே திருச்செந்தூர்க் கடலில் இருந்துதான் அய்யா வைகுண்டர் வந்தார். எந்தக் கரையில் ஒரு யுகத்தில் ஆயுதம் வென்றதோ, அந்தக் கரையில் கலியுகத்தில் இறைவன் ஆயுதம் இல்லாமல் வந்தார். கையில் வேல் இல்லை, வில் இல்லை, சக்கரம் இல்லை. கடலுக்குள் அவருக்குத் தந்த விஞ்சையில் வலியுறுத்திச் சொன்னது பொறுமை. அங்கிருந்து நடந்து பூவண்டன்தோப்புக்கு வந்தார். அதுதான் இன்றைய சாமிதோப்பு. அங்கே ஆறு வருடம் தவம் இருந்தார்.

ஏன் இந்த மாற்றம்? கதையிலேயே காரணம் இருக்கிறது. வெட்டி வெட்டிப் பார்த்தாயிற்று. உடல் விழுந்தது, நீசம் விழவில்லை. அடுத்த யுகத்தில் வேறு பெயரில் எழுந்து வந்தது. கடைசித் துண்டான கலி, மலை போல உடம்பு எடுத்து நிற்காமல் மனிதர் மனதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மனதுக்குள் இருப்பதை வாளால் எப்படி வெட்டுவது? ஆளை அல்லவா வெட்ட வேண்டியிருக்கும்?

கலியன் கொடுத்த வாக்கு

கலியன் கதையை நினைவுபடுத்துகிறேன். வரம் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்த கலியன் முன்னால் திருமால் பண்டார வேடத்தில் போய் நிற்கிறார். ஆயுதம் இல்லாத ஆண்டியோடு சண்டை போடுவது எனக்கு இழிவு என்று கலியன் ஒதுங்குகிறான். அப்போது திருமால் அவனிடம் ஒரு வாக்கு வாங்குகிறார். பண்டாரங்களுக்கும் அவரைச் சார்ந்த மக்களுக்கும் இடையூறு செய்ய மாட்டேன், செய்தால் பெற்ற வரமும் வாழ்வும் இழப்பேன் என்று கலியன் ஆணையிட்டுக் கொடுக்கிறான். பிறகு அவனே அந்த வாக்கை மீறுகிறான்.

பாருங்கள், கலியனை அழிப்பது வீசிய சக்கரம் அல்ல. அவன் கொடுத்த வாக்கை அவனே உடைத்ததுதான் அவனை அழிக்கிறது. அநியாயம் தன் பாரத்தாலேயே விழும் என்பது இதன் பொருள். முதல் யுகத்தில் வெட்டில் தொடங்கிய கதை, கடைசி யுகத்தில் வெட்டு இல்லாமல் முடிகிறது. ஏட்டின் முதல் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு மூடுகிறவனுக்கு இது தெரியாமலே போய்விடும்.

சிங்காரத்தோப்பு

அய்யா சொன்னதைச் செய்தும் காட்டினார். 1838-ல் சுவாதித் திருநாள் மகாராஜா ஆட்சியில் அய்யாவைப் பிடிக்கச் சேவகர்கள் வந்தார்கள். அய்யாவைச் சுற்றி ஆயிரக்கணக்கான மக்கள் நின்றார்கள். பனை ஏறி உரமேறிய கைகள் அவை. பாளை அரிவாள் இடுப்பில் இருந்த காலம். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சேவகர்களைத் தாக்கத் துடித்த மக்களை அய்யா தடுத்தார். பொறுத்திருங்கள் என்றார். அவரைக் கட்டி, அடித்து, இழுத்துக்கொண்டு போனார்கள்.

திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். நஞ்சு கலந்த பால் கொடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயில் இறக்கினார்கள். மிளகாய் வற்றல் புகையில் அடைத்தார்கள். பட்டினி போட்ட புலியின் கூண்டில் தள்ளினார்கள். புலி அடங்கிப் படுத்தது என்று ஏடு சொல்கிறது. 1839 மாசியில் விடுதலையானார்.

வெளியே வந்த அய்யா பழிவாங்கும் படை திரட்டவில்லை. எழுநூறு குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். குளித்து, துவைத்து, ஒரு வேளை உண்டு, ஒன்றாக இருந்து பழகச் சொன்னார். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே தண்ணீரில் குளிக்கவும் குடிக்கவும் செய்தார். தலைப்பாகை கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களைத் தலைப்பாகையோடு வந்து தொழச் சொன்னார். நீசத்துக்கு அய்யா கொடுத்த பதில் ஒரு கிணறு, ஒரு தலைப்பாகை. வேங்கைவயல் செய்தி வந்த இரவில் தூக்கம் வராமல் அடியேன் கடைசியில் நினைத்துக்கொண்டது அந்தக் கிணற்றைத்தான்.

அடியேன் கதை

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஏட்டின் வெட்டை அடியேனே ஒரு முறை தவறாக எடுத்துக்கொண்டேன்.

இருபத்தைந்து வருடம் இருக்கும். கிணற்று மோட்டாரில் யார் முறை என்று எங்களுக்கும் பங்காளி வீட்டுக்கும் தகராறு. என் அண்ணனை மண்வெட்டியால் தலையில் அடித்துவிட்டார்கள். பதினான்கு தையல். ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எரவாணத்தில் சொருகியிருந்த அரிவாளை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டேன். போகிற வழியில் தாங்கல். கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றேன். சாமியிடம் உத்தரவு வாங்கிப் போகிற நினைப்புதான்.

அப்போது தாங்கலில் பணிவிடை செய்துகொண்டிருந்தவர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட பெரியவர். விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். துண்டைப் பார்த்தார்.

"எங்க போறடே?"

"குறோணிய வெட்டப் போறேன்."

அவர் எழுந்து வந்து தடுக்கவில்லை. திரியைச் சரிசெய்துகொண்டே கேட்டார். "குறோணிய எத்தனை துண்டா வெட்டினாவ?"

"ஆறு."

"எத்தனையாப் பிறந்து வந்தான்?"

நான் பேசவில்லை.

"ஒருத்தன வெட்டினா ஆறு பேரு வந்தான். சாமி வெட்டியே அப்படி. நீ வெட்டினா அவன் வீட்டுல எத்தனை பேரு இருக்கான்னு எண்ணிப் பாத்தியா? உன் வீட்டுல மிச்சம் எத்தனை பேரு?"

பிறகு பள்ளியறைப் பக்கம் கையைக் காட்டினார். "உள்ள பாத்துட்டுப் போ."

நம் பள்ளியறையில் சிலை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். விளக்கும் கண்ணாடியும்தான். இந்தப் பக்கம் ஊர் எல்லைதோறும் அரிவாள் ஏந்திய கருப்பர் காவலுக்கு நிற்கிறார். அவரைக் கும்பிட்டு வளர்ந்தவன்தான் நானும். அன்று அந்தக் கண்ணாடியில் அரிவாளோடு நின்றது நான். கண் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அந்த முகத்தைப் பார்த்தேன். குறோணியைத் தேடிப் புறப்பட்டவனுக்குக் குறோணி அங்கேயே தெரிந்தான்.

அரிவாளைத் தாங்கலிலேயே வைத்துவிட்டுப் போய்ப் போலீஸில் எழுதிக் கொடுத்தோம். வழக்கு ஆறு வருடம் இழுத்தது. கடைசியில் ஊர் கூடிப் பேசி, வைத்தியச் செலவைக் கொடுத்தார்கள், முறை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இன்றும் அந்த வீட்டோடு எங்களுக்குப் பெரிய உறவு இல்லை. ஆனால் இரண்டு வீட்டிலும் யாரும் சாகவில்லை. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. என் பிள்ளையும் அவர்கள் பிள்ளையும் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வந்தார்கள்.

நடுத்தீர்ப்பு யாருடையது?

நடுத்தீர்ப்பு அய்யாவுடையது என்று நம்புகிறோம். அப்படியானால் அது நம்முடையது இல்லை. நரகத்தைப் பற்றி ஏடு சொல்வது நாம் வேண்டாதவர் பெயரை எழுதி நிரப்புவதற்காக விட்ட பட்டியல் அல்ல. வாசிக்கிற நம்மையும் கேட்கிற நம்மையும் எச்சரிப்பதற்காகச் சொன்னது. 'அவன் நீசன், அவனை அய்யா பார்த்துக்கொள்வார்' என்று சொல்லி உள்ளுக்குள் மகிழ்கிறோமே, அந்த மகிழ்ச்சியில் கூட நீசம் கொஞ்சம் இருக்கிறது.

அதற்காக அநியாயத்தைக் கண்டு சும்மா இருக்கச் சொல்லவில்லை. அய்யா சும்மா இருக்கவில்லை. ராஜாவின் ஆட்சியை முகத்துக்கு நேரே நீசம் என்றார். கீழே தள்ளப்பட்டவரைத் தூக்கிவிடுவதே தருமம் என்று போதித்தார். பொறுமை என்றால் வாயை மூடுவது இல்லை, கையை அடக்குவது. பேச வேண்டிய இடத்தில் பேச வேண்டும், மனுக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அரிவாளைத் தொடக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

சொன்னபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டது. கடைசியில் இன்னொரு கேள்வி போட்டது.

"அப்ப இராவணன் படையில, துரியோதனன் படையில கூலிக்கு வந்து செத்தவங்க எல்லாம் என்ன மாமா பாவம் பண்ணாங்க? அவங்க வீட்டுலயும் என்னை மாதிரி பிள்ளைங்க இருந்திருக்கும்ல?"

இருந்திருக்கும் பாப்பா என்றேன். அதற்கு மேல் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகவும் அன்று உச்சிப்படிப்பில் வேண்டிக்கொண்டோம். ஏட்டை வாசிக்கும்போது வெட்டுப்பட்ட இடத்தில் குரலை உயர்த்திக் கொண்டாட்டமாக வாசிக்கும் பழக்கம் அடியேனுக்கு இருந்தது. இந்தக் கார்த்திகையில் அந்த இடத்தை மெதுவாக வாசிக்கப் போகிறேன். ஆயுதம் இல்லாமல் கடலில் இருந்து வந்த இடத்தில் குரலை உயர்த்தலாம் என்றிருக்கிறேன்.

வீட்டில் கூடிப் பேச

1. நம் மனதில் யாரையாவது நீசன் என்று பெயர் வைத்திருக்கிறோமா? அவருக்கு நாம் எத்தனை முறை தூது அனுப்பினோம்?

2. சேவகர்கள் வந்த அன்று அய்யா அருகில் நாம் நின்றிருந்தால், பொறுத்திருங்கள் என்ற சொல்லுக்குக் கட்டுப்பட்டிருப்போமா?

3. நம் தெருவில், நம் கிணற்றில், நம் பந்தியில் யாருக்காவது இன்னும் இடம் மறுக்கப்படுகிறதா? அதை மாற்ற இந்த மாதம் ஒரு காரியம் என்ன செய்யலாம்?

4. பள்ளியறைக் கண்ணாடி முன் நிற்கும்போது திருநாமம் மட்டும் பார்க்கிறோமா, முகத்தையும் பார்க்கிறோமா?

பிழை இருந்தால் அய்யாவும் அன்புக்கொடி மக்களும் பொறுத்தருள வேண்டும்.

அய்யா உண்டு!